நகச்சொத்தை

குழித்தறியில் அமர்ந்து மிதிபலகையை இயக்கும் நெசவாளருக்கும், மடை திருப்பி ஈரத்தில் நிற்கும் குடியானவருக்கும் காலே மூலதனம். எனினும் கால் நகம் பழுதுபட்டால் அதனைப் பொருட்படுத்துவோர் சிலரே. தொப்பம்பட்டி வட்டாரத்து அங்கத்தினர்கள் இதனைச் சற்றே கவனிக்க வேண்டுகிறோம்.

நகச்சொத்தை ஒருவகைப் பூஞ்சையால் வருவது. பெரும்பாலும் பெருவிரல் நகத்தின் நுனியிலோ ஓரத்திலோ வெண்மையாகவோ மஞ்சளாகவோ தொடங்கும். நாளடைவில் நகம் தடித்து, அடியில் மாவுபோல் துகள் சேர்ந்து, சதையை விட்டுப் பெயரும். தொடக்கத்தில் வலி இராது. அலட்சியத்துக்கு அதுவே காரணம். விரலிடுக்கில் சேற்றுப்புண் உள்ளவர்க்கு அதிலிருந்தே நகத்துக்கும் பரவும்.

ஆனால் பழுதுபட்ட நகங்களில் ஏறத்தாழ பாதி பூஞ்சையால் வந்தவை அல்ல. கல்லில் இடித்துக்கொண்டதாலும், இறுகிய செருப்பாலும், காளாஞ்சகப்படையாலும் நகம் இவ்வாறே தோன்றும். ஆகவே மாத்திரைக்கு முன் சோதனை வேண்டும். நகத்தடித் துகளைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், எளிய சோதனைதான். அடிபடாமலே நகத்தில் கருங்கோடு தோன்றி அகன்று வருமாயின், அது வேறு கொடிய நோயாகவும் இருக்கக்கூடும். உடனே டாக்டரிடம் காட்டவேண்டும்.

மருதாணி அரைத்துக் கட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது நகத்தைச் சிவப்பாக்கி நோயை மறைக்குமேயன்றி வேரறுக்காது. களிம்பும் தடித்த நகத்தினுள் எளிதில் இறங்குவதில்லை. 1950-களின் இறுதியில் வந்த கிரிசியோபுல்வின் மாத்திரையை ஓராண்டும் அதற்கு மேலும் உண்ணவேண்டியிருந்தது. 1990-களில் பரவிய டெர்பினாபைன், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் வீதம் 12 வாரம் தரப்படுகிறது. ஈரல் நோயுள்ளவர்க்கு அது ஆகாது. இரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் எழுதிக்கொடுத்தே உண்ணவேண்டும்.

மாத்திரை முடிந்ததும் நகம் பழையபடி பழுதாகவே தோன்றும். மருந்து பலிக்கவில்லை என்று மனம் தளர வேண்டாம். கால் நகம் மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டரே வளர்வதால், புதுநகம் முழுதும் வர 12 முதல் 18 மாதம் ஆகும். சிலருக்கு நோய் மீண்டும் வருவதும் உண்டு.

கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைச் சேற்றுப்புண்ணுக்குத் தடவுவது பெருந்தீங்கு. அரிப்பு அடங்கும், பூஞ்சையோ பெருகும். நீரிழிவு உள்ளவர்கள் நகச்சொத்தையைச் சிறிதென எண்ணலாகாது. தடித்த நகம் கீறிய புண்ணே காலைப் பறிக்கும் புண்ணாகலாம். அவர்கள் நகத்தைத் தாமே ஆழ வெட்டலாகாது.

வயலிலிருந்து திரும்பியதும் காலைக் கழுவி, விரலிடுக்குகளை உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். நகவெட்டியை வீட்டார் அனைவரும் பொதுவில் வைத்துக்கொள்ள வேண்டாம்.