புதிய தலைமை வந்தால் நிறுவனத்தின் பண்பாடு ஏன் உடைகிறது?

ஒரு பெரிய நிறுவனத்தில் தலைமைச் செயல் அதிகாரி மாறினால், அவருடைய படிப்பு, சம்பளம், முன்பு பார்த்த வேலை எல்லாம் செய்தியாகிவிடும். அந்த நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் மனதில் எழும் கேள்வி வேறு. "இனி இங்கே எப்படி இருக்கும்?" என்பதுதான் அது.

மதுரையில் வண்டியூர், அண்ணா நகர், இலந்தைகுளம் பக்கம் இந்தக் கேள்வியோடு தினமும் வேலைக்குப் போகும் இளைஞர்கள் பலர். ஐடி நிறுவனம், தனியார் வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை என்று இடம்தான் வேறு. புதிதாக ஒருவர் வந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடத்தை இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆள் தங்காத இடமாக மாற்றிவிடுவதை நாம் கேள்விப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். இது எப்படி நடக்கிறது, ஏன் முன்கூட்டியே யாருக்கும் தெரிவதில்லை என்பதைப் பார்ப்போம்.

பண்பாடு என்பது எது?

நிறுவனத்தின் பண்பாடு என்றால் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் கொள்கைப் பலகை அல்ல. எழுதி வைக்கப்படாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த வாக்குறுதிகள்தான் அது. தவறு நடந்துவிட்டால் மேலதிகாரியிடம் தைரியமாகச் சொல்லலாமா? வீட்டில் ஒரு மரணம் என்றால் விடுப்புக்குக் கெஞ்ச வேண்டுமா? வாடிக்கையாளரை ஏமாற்றி லாபம் காட்டினால் பாராட்டு கிடைக்குமா, கண்டிப்பு கிடைக்குமா? இவற்றுக்கான பதில்தான் அந்த இடத்தின் பண்பாடு.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் போக வேண்டியதில்லை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911ல் தொடங்கிய டிவிஎஸ் நிறுவனம் இந்த ஊரில் வளர்ந்ததுதான். டிவிஎஸ் பேருந்து கடந்து போவதை வைத்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நேரம் தவறக்கூடாது என்ற ஒரு பழக்கம் ஓட்டுநர், நடத்துநர், பட்டறைத் தொழிலாளி என்று எல்லோர் கையிலும் ஊறியிருந்தால்தான் அப்படி ஒரு பெயர் வரும். ஒரு சுற்றறிக்கையால் வருவதல்ல அது. பல ஆண்டுகள் பிடிக்கும். கெடுவதற்கு மட்டும் அவ்வளவு காலம் தேவைப்படுவதில்லை.

எண் மட்டுமே தெரியும் கண்

உலகம் முழுவதும் மேலாண்மை வகுப்புகளில் பேசப்படும் உதாரணம் அமெரிக்காவின் ஹோம் டிப்போ. வீடு கட்டவும் பழுது பார்க்கவும் தேவையான பொருட்களை விற்கும் பெரிய கடைத் தொடர் இது. பெர்னி மார்கஸ், ஆர்தர் பிளாங்க் ஆகியோர் 1978ல் தொடங்கினார்கள். குழாய் வேலை, மின்வேலை தெரிந்த அனுபவசாலிகள் கடையிலேயே நின்று வாடிக்கையாளருக்கு வழி சொல்வார்கள். அதுதான் அந்தக் கடையின் பலம்.

2000 டிசம்பரில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து ராபர்ட் நார்டெல்லி தலைமைக்கு வந்தார். செலவைக் குறைத்தார், எல்லாவற்றையும் அளந்தார். சம்பளம் அதிகம் வாங்கிய அனுபவசாலிகளின் இடத்தில் பகுதிநேர ஊழியர்கள் அதிகமானார்கள். ஆண்டு விற்பனை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. கணக்கைப் பார்த்தால் வெற்றிதான். ஆனால் கடைக்கு வந்தவருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. பங்கு விலையும் எழவில்லை. 2007 ஜனவரியில் அவர் விலகியபோது சுமார் 21 கோடி டாலர் பெற்றுக்கொண்டு போனார்.

அவர் குறைத்த சம்பளம் கணக்கில் "செலவு" என்ற பகுதியில் இருந்தது. அந்தச் சம்பளம் வாங்கியவர்களிடம் இருந்த அறிவும், அவர்களை நம்பி வந்த வாடிக்கையாளரின் நம்பிக்கையும் கணக்கின் எந்தப் பகுதியிலும் இல்லை. கணக்கில் இல்லாததை இல்லை என்றே எடுத்துக்கொள்வதுதான் புதிய தலைமை செய்யும் முதல் தவறு.

மேலே ஒரு நியாயம், கீழே ஒரு நியாயம்

நம் நாட்டில் அதிகம் பேசப்பட்டது இன்ஃபோசிஸ். 1981ல் ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். எளிமையும், சம்பள வித்தியாசத்தில் அடக்கமும் அதன் அடையாளமாகச் சொல்லப்பட்டவை. 2014 ஆகஸ்டில் விஷால் சிக்கா பொறுப்பேற்றார். நிறுவனர்களில் ஒருவராக இல்லாத முதல் தலைமைச் செயல் அதிகாரி அவர். புதிய தொழில்நுட்பங்களில் அக்கறை காட்டினார், ஆடைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். இளம் ஊழியர்கள் பலருக்கு அவரைப் பிடித்திருந்தது.

உரசல் வேறு இடத்தில் வந்தது. விலகிச் சென்ற நிதி அதிகாரிக்கு 17 கோடி ரூபாய்க்கு மேல் தர ஒப்புக்கொண்டது, 20 கோடி டாலருக்கு பனாயா என்ற நிறுவனத்தை வாங்கியது ஆகியவை கேள்விக்குள்ளாயின. 2017 ஏப்ரலில் நாராயண மூர்த்தி பகிரங்கமாகவே ஒன்றைக் கேட்டார். பெரும்பாலான ஊழியர்களுக்கு 6 முதல் 8 சதவீதம் ஊதிய உயர்வு கொடுத்துவிட்டு, உயர் பொறுப்பில் இருப்பவருக்கு 60 சதவீதத்துக்கு மேல் கொடுத்தால், ஊழியர்களுக்குத் தலைமை மீது எப்படி நம்பிக்கை இருக்கும் என்பதே அவர் கேள்வியின் சாரம்.

2017 ஆகஸ்ட் 18 அன்று சிக்கா பதவி விலகினார். தொடர்ந்து வந்த தனிப்பட்ட தாக்குதல்களே காரணம் என்றார். அன்று பங்கு விலை சுமார் 10 சதவீதம் சரிந்தது. அடுத்த வாரமே நந்தன் நிலேகனி தலைவராகத் திரும்பி வந்தார். பனாயா விவகாரத்தில் தவறு எதுவும் இல்லை என்றே விசாரணை முடிவு சொன்னது.

இங்கே நாம் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். சட்டப்படி சரியாக உள்ள ஒன்றும் பண்பாட்டின்படி காயமாகலாம். புதிய தலைமை இதை உணர வேண்டும். பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வெளியே நின்று பகிரங்கமாகச் சண்டை போட்டால் அதுவும் நிறுவனத்தைத்தான் காயப்படுத்தும். நிறுவனர்கள் இதை உணர வேண்டும்.

யாருக்காகத் தொடங்கினோம் என்பதை மறந்தால்

தமிழகத்துக்கு மிக நெருக்கமான பாடம் கரூரில் இருக்கிறது. 1926ல் கரூர் வணிகர்கள் ஏழு பேர் சேர்ந்து லட்சுமி விலாஸ் வங்கியைத் தொடங்கினார்கள். சிறு வணிகர், நெசவுத் தொழில் செய்பவர், விவசாயி ஆகியோரை முகம் பார்த்து அறிந்து கடன் கொடுத்த வங்கி அது.

பிற்காலத்தில் அந்த வங்கி பெரிய நிறுவனங்களுக்குப் பெரிய கடன் கொடுக்கும் பாதையில் இறங்கியது. 2014க்கும் 2020க்கும் இடையில் தலைமை அதிகாரி நாற்காலியில் அமர்ந்தவர்கள் குறைந்தது மூவர். ரெலிகேர் குழும நிறுவனம் ஒன்றின் 794 கோடி ரூபாய் வைப்புத் தொகைக்கு எதிராக வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்த சுமார் 720 கோடி ரூபாய் கடன் நீதிமன்றம் வரை போனது. கொடுத்த கடனில் ஏறக்குறைய கால் பங்கு வாராக்கடனானது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. 2020 செப்டம்பரில் பங்குதாரர்கள் நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களை வாக்களித்து வெளியேற்றினார்கள். நவம்பர் 17 அன்று, 25,000 ரூபாய்க்கு மேல் யாரும் பணம் எடுக்க முடியாது என்ற நிலை வந்தது. பத்து நாட்களில் அந்த வங்கி டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. வைப்புப் பணம் தப்பியது, ஊழியர்களின் வேலை தப்பியது. பங்கு வாங்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை.

இதில் பழியை ஒரு தனி மனிதர் தலையில் போட முடியாது. இயக்குநர் குழுவுக்கும் பங்கு உண்டு. ஆனால் வாடிக்கையாளரைத் தெரிந்து கடன் கொடுக்கும் பழக்கத்தில் வளர்ந்த ஒரு வங்கி, தெரியாத களத்தில் வேகமாக வளர ஆசைப்பட்டதன் விலை அது.

ஏன் உடனே தெரிவதில்லை?

வண்டியூர் கண்மாயை அறிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கோடையில் கண்மாய்க் கரையைப் பார்த்தால் சும்மா கிடக்கும் மண்மேடு போலத்தான் இருக்கும். நாலு வண்டி மண் அள்ளினால் அன்றைக்கு லாபம்தான். ஐப்பசி மழையில்தான் கரை எதற்கு இருந்தது என்று தெரியும்.

பண்பாட்டுச் சேதமும் இப்படித்தான். பயிற்சியை நிறுத்தினால், அனுபவசாலிகளை அனுப்பினால், முதல் ஆண்டு லாபம் கூடும். நல்ல ஊழியர்கள் சத்தமில்லாமல் வேறு வேலை தேடுவார்கள். மீதி இருப்பவர்கள் கெட்ட செய்தியை மேலே சொல்வதை நிறுத்திவிடுவார்கள். தலைவருக்கு நல்ல செய்தி மட்டுமே வரும். கரை உடையும்போது அந்தத் தலைவர் பெரும்பாலும் வேறு இடத்தில் இருப்பார்.

மாற்றமே கூடாதா?

அப்படி இல்லை. பழைய பண்பாடு என்ற பெயரில் சோம்பலும், வேண்டியவர்களுக்குச் சலுகையும், பெண் ஊழியர்களை மதிக்காத போக்கும் இருந்தால் அவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும். 2014ல் மைக்ரோசாஃப்ட் தலைமைக்கு வந்த சத்யா நாதெல்லா அந்த நிறுவனத்தின் பழக்கங்கள் பலவற்றை மாற்றினார். ஆனால் அவர் 1992 முதல் அங்கேயே வேலை பார்த்தவர். எந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறது, எது வெறும் தடுப்பு என்பது அவருக்குத் தெரியும். ஹோம் டிப்போவில் நார்டெல்லிக்குப் பின் வந்த ஃபிராங்க் பிளேக் 2002ல்தான் அந்த நிறுவனத்தில் சேர்ந்தவர் என்றாலும், நிறுவனர்களைத் தேடிப்போய்ப் பேசினார், கடை ஊழியர்களை மீண்டும் முன்னிறுத்தினார்.

ஆகவே பிரச்சினை வெளியாள், உள்ளாள் என்பதில் இல்லை. கேட்ட பிறகு மாற்றுகிறாரா, மாற்றிய பிறகு கேட்கிறாரா என்பதில்தான் இருக்கிறது.

நமக்கு என்ன பாடம்?

நம் சமுதாயத்திலும் அறக்கட்டளைகள் நடத்தும் கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், இரண்டு தலைமுறையாக நடக்கும் கடைகள் இருக்கின்றன. வாப்பா நடத்திய கடையை மகன் ஏற்கும்போதும், புதிய தாளாளர் பள்ளிப் பொறுப்புக்கு வரும்போதும் இதே ஆபத்து உண்டு. நிர்வாகப் பொறுப்பு ஓர் அமானிதம் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். கட்டடமும் வங்கிக் கணக்கும் மட்டுமல்ல, ஊழியர்களின் நம்பிக்கையும் அந்த அமானிதத்தில் சேர்ந்ததுதான்.

பொறுப்பேற்பவர் முதல் சில மாதங்கள் கீழ்மட்ட ஊழியர்களிடம் உட்கார்ந்து கேட்கட்டும். நியமிப்பவர்கள், லாபக் கணக்கோடு எத்தனை நல்ல ஊழியர்கள் விலகினார்கள், ஏன் விலகினார்கள் என்ற கணக்கையும் ஆண்டுதோறும் கேட்கட்டும். பொறுப்பை விட்டுச் செல்பவர், எதை மாற்றலாம், எதை மாற்றினால் வீடே விழும் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போகட்டும். எழுதி வைக்காத வாக்குறுதிகளைப் புதியவர் தானாகவே தெரிந்துகொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.