நண்டு ஊரும் நேரம்

மும்பையில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. நெருக்கமான வீடுகள். குறுகலான சந்துகள். நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே தமிழர்கள் வாழ்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனவர்கள் அதிகம். முதலில் பலர் தோல் பதனிடும் வேலை செய்தார்கள். பிறகு வேறு பல தொழில்களும் வந்தன. அவற்றில் ஒன்று இட்லி வியாபாரம்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். இருப்பது ஒரே அறை. சமையல், தொழில், தூக்கம் எல்லாம் அங்கேதான். விடியும் முன்பே அடுப்பு எரிகிறது. அப்பா இட்லியைப் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அடுக்குகிறார். விற்கக் கிளம்புகிறார். அம்மா குடங்களை எடுத்து வைக்கிறாள். குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் பிடித்துவிட வேண்டும்.

இந்த வீட்டில் 4 வயதுப் பெண் குழந்தை ஒன்று உண்டு. சத்தம் கேட்டு அவளும் எழுந்துவிடுவாள். மாவுப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்ப்பாள்.

"ஏம்மா, ராத்திரி மாவு கீழதானே இருந்துச்சு? இப்போ ஏன் பொங்கி வந்திருக்கு?"

வேலை நேரம். "சும்மா இருட்டீ" என்று அதட்டிவிடலாம். அம்மா அதட்டவில்லை.

"மாவுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர் நிறைய இருக்கு. ராத்திரி பூரா அது மாவைத் தின்னுட்டு மூச்சு விடுது. அந்தக் காத்துதான் மாவைத் தூக்குது."

"நம்மளைக் கடிக்குமா?"

"கடிக்காது. அடுப்புல வச்சா செத்துப்போகும்."

"பாவம்" என்கிறாள் மகள். பிறகு இரண்டு இட்லி தின்கிறாள்.

அம்மா சொன்னது சரிதான். அரிசியிலும் உளுந்திலும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை வெளிவிடும் வாயுவால்தான் மாவு பொங்குகிறது. குளிர் நாளில் அவை மெதுவாக வேலை செய்யும். அதனால் மாவு புளிக்க நேரம் ஆகும். இந்தப் பேச்சுக்கு இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. வேலையும் நிற்கவில்லை. ஆனால் மகளுக்கு ஒரு பாடம் கிடைத்துவிட்டது.

சிறு குழந்தையிடம் பேசுவதை வெட்டிப் பேச்சு என்று பலர் நினைக்கிறார்கள். அது வெட்டிப் பேச்சு அல்ல. மனித மூளையின் வளர்ச்சியில் பெரும் பகுதி 6 வயதுக்குள் நடந்துவிடுகிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இதை 85 சதவீதத்துக்கு மேல் என்கிறது. அந்த வளர்ச்சிக்குச் சத்துள்ள சோறு வேண்டும். பேச்சும் விளையாட்டும் அதே அளவுக்கு வேண்டும். குழந்தை கேட்கிறது. பெரியவர் பதில் சொல்கிறார். குழந்தை மறுபடியும் கேட்கிறது. இப்படி மாறி மாறி நடக்கும்போதுதான் மூளை வலுப்படுகிறது. டிவி பேசும். ஆனால் குழந்தை கேட்டால் அது பதில் சொல்லாது.

விளையாட்டுச் சாமான் வாங்கக் காசு இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. நண்டு ஊரும் விளையாட்டு எல்லா வீட்டிலும் உண்டு. அம்மா தன் முழங்கையை மகளின் உள்ளங்கையில் வைத்துப் பருப்புக் கடைகிறாள். அப்பாவுக்கு ஒரு பங்கு, ஆச்சிக்கு ஒரு பங்கு என்று விரல்களை மடக்குகிறாள். கையைக் கழுவிவிடுவதுபோல் துடைக்கிறாள். பிறகு இரண்டு விரல்கள் நண்டாக மாறுகின்றன. அந்த நண்டு கையின் மேல் ஊர்ந்து அக்குளை நோக்கிப் போகிறது. நண்டு இன்னும் முழங்கைக்கே வரவில்லை. அதற்குள் மகளுக்குச் சிரிப்பு பொங்கிவிடுகிறது!

அவள் ஏன் முன்கூட்டியே சிரிக்கிறாள்? அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். கதை கேட்கவும், பிறகு புத்தகம் படிக்கவும் இந்தப் புத்திதான் அடிப்படை. விரல்களைத் தனித்தனியாக மடக்கப் பழகுகிறாள். நாளை பென்சில் பிடிக்கப் போவது அந்த விரல்கள்தான். ஐந்து வரை எண்ணவும், பங்கு வைக்கவும் கற்றுக்கொள்கிறாள்.

சில நாள் அம்மாவும் மகளும் மாட்டுங்காவுக்குப் போவார்கள். அங்கே மல்லிகைச் சரம், வாழை இலை, காப்பிப் பொடி எல்லாம் கிடைக்கும். ஒரு முழம் பூ வாங்கி வருகிறார்கள். வீட்டில் மகள் தன் கையால் அளக்கிறாள். ஒரு முழம் அளந்த பிறகும் சரம் மிச்சம் இருக்கிறது. "ஏம்மா, பூக்கார அக்கா கூடக் குடுத்துட்டாங்க!" என்று கத்துகிறாள். கைக்குக் கை முழம் மாறும். அதனால்தான் துணிக் கடையில் மீட்டர் கோல் வைத்திருக்கிறார்கள்.

செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலில் படிகளை எண்ணிக்கொண்டே ஏறுகிறாள். இருபத்தொன்பதுக்குப் பிறகு "இருபத்திப் பத்து" என்கிறாள். கேலி செய்ய வேண்டாம். தவறாகச் சொன்னாலும் அவள் ஒரு கணக்கோடுதான் சொல்கிறாள்.

வீட்டில் தமிழ், சந்தில் இந்தி, கடையில் மராத்தி. குழந்தை குழம்பிப்போகும் என்று சிலர் பயப்படுவார்கள். அப்படி ஆகாது. சிறு வயதில் இரண்டு மூன்று மொழிகள் சேர்ந்தே வரும். கொஞ்ச நாள் கலந்து பேசுவாள். பிறகு தானே பிரித்துக்கொள்வாள். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளும் நடத்துகிறது.

வீட்டு வேலைக்கு நடுவில் இதெல்லாம் ஒரே ஆள் செய்ய முடியுமா? முடியாது. அதற்குத்தான் அங்கன்வாடி இருக்கிறது. இந்தத் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியது. முதலில் நாட்டில் 33 இடங்களில்தான் இருந்தது. தாராவியும் அவற்றில் ஒன்று. இந்தியில் 'ஆங்கன்' என்றால் முற்றம். தாராவி வீடுகளில் முற்றம் ஏது? அங்கன்வாடிதான் அந்தக் குழந்தைகளுக்கு முற்றம். 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கே பாட்டு, கதை, விளையாட்டு எல்லாம் உண்டு. சத்துணவும் தருகிறார்கள். எடை பார்க்கிறார்கள்.

ஆனால் ஒரு தம்பி பிறந்துவிட்டால் பல வீடுகளில் நிலைமை மாறிவிடுகிறது. "நீ அக்கா ஆயிட்ட. தம்பியைப் பார்த்துக்க" என்கிறார்கள். முதலில் அங்கன்வாடி நிற்கிறது. பிறகு குழாயடியில் குடத்துக்கு இடம் பிடிக்க வைக்கிறார்கள். அப்புறம் பள்ளிக்கூடமும் நிற்கிறது. தம்பி வளர்ந்து சந்தில் கிரிக்கெட் ஆடுவான். அக்கா பாத்திரம் தேய்ப்பாள். 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. அதன் வகுப்புகளில் வளர்ந்த பிறகு எழுத்துக் கற்ற பெண்கள் எத்தனையோ பேர். இடுப்பில் தம்பி தங்கையைச் சுமந்ததால் பள்ளியை விட்டவர்கள் அவர்களில் பலர். 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று 2009-இல் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வீட்டுக்குள்ளும் வர வேண்டுமே!

மகள் சின்னச் செம்பில் தண்ணீர் தூக்கி வருவதில் தவறில்லை. அது அவளுக்கு விளையாட்டு. குடமும் வரிசையும் பெரியவர்கள் வேலை. தம்பி வளர்ந்த பிறகு அவனும் ஒரு செம்பு தூக்கட்டும்.

நேரம் 11 மணி. அப்பா காலிப் பாத்திரத்தோடு வருகிறார். பாயில் சாய்கிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். மகள் அவர் கையைப் பிடித்துப் பருப்புக் கடைகிறாள். ஐந்து விரலுக்கும் பங்கு வைக்கிறாள். ஒரு பங்கு இட்லி மாவில் இருக்கும் உயிருக்குப் போகிறது. நண்டு கிளம்புகிறது. அப்பா தூங்குவதுபோல் நடிக்கிறார். ஆனால் அவர் வயிறு குலுங்குகிறது.