ஹார்கஸ் ராபின்ஸ்

ஹார்கஸ் மெல்வின் ராபின்ஸ் (ஜனவரி 18, 1938 – ஜனவரி 30, 2022) ஓர் அமெரிக்கப் பியானோ கலைஞர் ஆவார். "பிக்" ராபின்ஸ் என்ற பட்டப்பெயரால் பரவலாக அறியப்பட்டவர். சிறு வயதிலேயே இரு கண்களிலும் பார்வையை இழந்த இவர், டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் அறுபது ஆண்டுகளுக்கு அண்மித்த காலம் ஒலிப்பதிவு இசைக்கலைஞராகப் பணியாற்றினார். கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற பதிவுகள் பலவற்றில் ஒலிக்கும் பியானோ இவருடையதாகும். பாடகர்களின் பெயர் உலகறிந்ததாக இருக்க, இவர் பெயர் இசைத்துறைக்கு வெளியே பெரிதும் அறியப்படவில்லை.

பொருளடக்கம்
1. இளமைக்காலம்
2. பட்டப்பெயர்
3. ஒலிப்பதிவு இசைக்கலைஞரின் பணி
4. நாஷ்வில் வருகையும் வளர்ச்சியும்
5. வாசிப்பு முறை
6. குறிப்பிடத்தக்க பதிவுகள்
7. தனி இசைத்தொகுப்புகள்
8. விருதுகளும் சிறப்புகளும்
9. தமிழ்த் திரையிசையுடன் ஒப்பீடு
10. பிற்காலமும் மறைவும்

இளமைக்காலம்

ராபின்ஸ் டென்னசி மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள ஸ்பிரிங் சிட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். ஏறத்தாழ மூன்று வயதாக இருந்தபோது தந்தையின் கத்தியை எடுத்து விளையாடுகையில் ஒரு கண்ணில் காயம் பட்டது. அதன் தொடர்ச்சியாக மற்றக் கண்ணின் பார்வையும் நாளடைவில் பறிபோனது.

சென்னைக்கு மேற்கே பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருப்பதைப் போன்று, டென்னசி மாநிலத்தின் பார்வையற்றோர் பள்ளி நாஷ்வில் நகரில் அமைந்திருந்தது. அங்கு சேர்க்கப்பட்ட ராபின்ஸ் ஏழு வயதில் பியானோ கற்கத் தொடங்கினார். பள்ளியில் கற்பிக்கப்பட்டது மேற்கத்தியச் செவ்வியல் இசை. ஆனால் சிறுவனின் நாட்டமோ வானொலியில் கேட்ட பாடல்களைத் தாமே வாசித்துப் பார்ப்பதில் இருந்தது. பார்வையற்ற பியானோ கலைஞரும் பாடகருமான ரே சார்ல்ஸ், நாஷ்வில் பியானோ கலைஞர் புளாய்ட் கிரேமர் ஆகியோரின் வாசிப்பு இவர்மீது பெரும் தாக்கம் செலுத்தியது.

பட்டப்பெயர்

"பிக்" என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பன்றி என்று பொருள். அனுமதிக்கப்படாத நேரங்களிலும் பியானோ வாசிக்க விரும்பிய ராபின்ஸ், தீ விபத்தின்போது வெளியேறுவதற்கான வழியாகக் கட்டடத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைவது வழக்கம். அழுக்கடைந்து வெளிவரும் சிறுவனைப் பள்ளிக் கண்காணிப்பாளர் ஒருவர் பன்றியோடு ஒப்பிட்டு அழைக்க, அப்பெயரே வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிட்டது. ஏளனமாகத் தொடங்கிய அப்பெயர் பின்னாளில் நாஷ்வில் இசையுலகில் மதிப்புக்குரிய பெயராயிற்று.

ஒலிப்பதிவு இசைக்கலைஞரின் பணி

ஒலிப்பதிவு இசைக்கலைஞர் என்பவர் எந்த ஒரு பாடகரின் நிலையான குழுவிலும் இல்லாமல், ஒலிப்பதிவுக் கூடத்தில் அழைக்கப்படும் நாளில் வந்து வாசித்துச் செல்பவர். நாஷ்வில் நகரில் ஓர் அமர்வு என்பது வழக்கமாக மூன்று மணி நேரம். அதற்குள் மூன்று அல்லது நான்கு பாடல்கள் பதிவாக வேண்டும். பெரும்பாலும் அப்பாடல்களைக் கலைஞர்கள் முதன்முதலாகக் கேட்பதே அன்றுதான். இசைக்கலைஞர் சங்கம் வகுத்த ஊதியம் அமர்வுக்கு வழங்கப்படும். இசைத்தட்டு எத்தனை இலட்சம் விற்றாலும் பொதுவாக அவ்விற்பனையில் வாசித்தவர்களுக்குப் பங்கு இல்லை. 1950களிலும் 1960களிலும் இசைத்தட்டின் உறையில் அவர்களின் பெயரை அச்சிடுவதும் அரிதாகவே இருந்தது.

நாஷ்வில் வருகையும் வளர்ச்சியும்

1950களின் பிற்பகுதியில் ராக் அண்ட் ரோல் இசையின் எழுச்சியால் கன்ட்ரி இசைத்தட்டுகளின் விற்பனை பாதிக்கப்பட்டது. இதற்கு விடையாக செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி முதலிய தயாரிப்பாளர்கள் வயலினின் நாட்டுப்புறச் சாயலையும் ஸ்டீல் கிட்டாரையும் குறைத்து, பியானோவையும் பின்னணிக் குழுப்பாடகர்களையும் முன்னிறுத்தும் மென்மையான பாணியை உருவாக்கினர். "நாஷ்வில் ஒலி" எனப்பட்ட இப்பாணியில் பியானோ இன்றியமையாத கருவியாயிற்று. ராபின்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள் நுழைந்தது இக்காலத்திலேயே.

1959ஆம் ஆண்டு ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிய "ஒயிட் லைட்னிங்" பாடல் கன்ட்ரி வரிசையில் முதலிடம் பெற்றது. அதில் துள்ளலுடன் ஒலிக்கும் பியானோ ராபின்ஸ் வாசித்தது. இதுவே இவருக்கு முதல் பெரும் வெற்றி. அதே ஆண்டு மெல் ராபின்ஸ் என்ற பெயரில் "சேவ் இட்" என்னும் ராக் பாடலைத் தாமே பாடி வெளியிட்டார். பாடகராக அவர் நிலைபெறவில்லை.

அந்நாளில் நாஷ்வில் கூடங்களில் மிகுதியாக அழைக்கப்பட்ட பியானோ கலைஞர் புளாய்ட் கிரேமர். 1960இல் வெளிவந்த "லாஸ்ட் டேட்" என்ற அவரது தனிப் பியானோ இசை பெரும் வெற்றி பெற்றது. அவர் தனிக் கலைஞராகத் தம் கவனத்தைத் திருப்பியபோது, கூடங்களில் ஏற்பட்ட வெற்றிடத்தை ராபின்ஸ் நிரப்பினார். பாஸ் கலைஞர் பாப் மூர், டிரம்ஸ் கலைஞர் பட்டி ஹார்மன், கிட்டார் கலைஞர்கள் கிரேடி மார்ட்டின், ஹரால்ட் பிராட்லி முதலியோர் அடங்கிய "ஏ அணி" என்ற முன்னணிக் கலைஞர் வட்டத்தில் இவரும் இடம்பெற்றார்.

வாசிப்பு முறை

நாஷ்வில் கலைஞர்கள் முழுமையான இசைக்குறியீட்டைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. சுரக்கூட்டுகளை 1, 4, 5 என எண்களால் குறிக்கும் எளிய முறை அங்கு வழங்குகிறது. 1950களின் இறுதியில் ஜார்டனேர்ஸ் குழுவைச் சேர்ந்த நீல் மாத்யூஸ் இதனை வகுத்தார். பாடகரின் குரலுக்கேற்பச் சுருதி மாறினாலும் எண்கள் மாறுவதில்லை. கருநாடக இசையில் சுருதி எதுவாயினும் ஸ, ரி, க, ம என்ற பெயர்கள் மாறாதிருப்பதுடன் இதனை ஒப்பிடலாம்.

மற்றவர்கள் எதிரிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தபோது, ராபின்ஸுக்குச் செவியும் நினைவாற்றலுமே முதன்மைத் துணை. பாடலைக் கேட்டு அதன் அமைப்பை மனத்தில் பதித்துக்கொண்டு, அதே அமர்வில் அதற்குரிய தொடக்க இசையையும் இடையிசையையும் உருவாக்குவார்.

பியானோவில் ஒரு சுரத்தை வளைக்கவோ இழைக்கவோ இயலாது. இக்குறையை ஈடுசெய்ய, அருகிலுள்ள சுரத்தை நொடிப்பொழுது தொட்டு உடனே உரிய சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் உத்தியைக் கிரேமர் பரவலாக்கினார். ஸ்டீல் கிட்டாரின் இழைவை நினைவூட்டும் இவ்வுத்தியை ராபின்ஸும் கையாண்டார். ஆயினும் அவர் ஒரே பாணிக்குள் அடங்கவில்லை. செவ்வியல் பயிற்சியால் பெற்ற தெளிவும், புளூஸ் இசையின் கனமும், குடிமனைகளில் கேட்கும் வேகமான வாசிப்பும் பாடலுக்கேற்ப அவரிடம் வெளிப்பட்டன. பாடகர் பாடும்போது ஒதுங்கி நின்று, அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும் ஓரிரு சுரங்களை இடுவது இவரது வாசிப்பின் தனித்தன்மை.

குறிப்பிடத்தக்க பதிவுகள்

* "ஐ ஃபால் டு பீசஸ்" (பதிவு 1960) – பாட்சி கிளைன்
* "பிளாண்ட் ஆன் பிளாண்ட்" இசைத்தொகுப்பு (1966) – பாப் டிலன்
* "கோல் மைனர்ஸ் டாட்டர்" (1970) – லொரெட்டா லின்
* "பிஹைண்ட் குளோஸ்ட் டோர்ஸ்" (1973) – சார்லி ரிச்
* "டோன்ட் இட் மேக் மை பிரௌன் ஐஸ் புளூ" (1977) – கிரிஸ்டல் கேல்
* "தி கேம்பிளர்" (1978) – கென்னி ராஜர்ஸ்
* "ஹீ ஸ்டாப்டு லவிங் ஹெர் டுடே" (1980) – ஜார்ஜ் ஜோன்ஸ்

இவற்றுள் மூன்று சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. பாப் டிலனின் தொகுப்பு ராக் இசை இரசிகர்களை நாஷ்வில் கலைஞர்கள்பால் திரும்பிப் பார்க்கச் செய்தது. வாசித்தவர்களின் பெயர்கள் அதன் உறையில் இடம்பெற்றதும் அதற்கொரு காரணம். சார்லி ரிச் தாமே தேர்ந்த பியானோ கலைஞர். எனினும் அவரது இப்பெரும் வெற்றிப் பாடலின் தொடக்கத்தில் ஒலிப்பது ராபின்ஸின் பியானோ. கிரிஸ்டல் கேலின் பாடல் கன்ட்ரி வரிசையில் முதலிடமும், அமெரிக்காவின் பொதுவான பாடல் வரிசையில் இரண்டாம் இடமும் பெற்றது. அதன் தொடக்கப் பியானோ இசையைக் கேட்ட மாத்திரத்தில் பாடலை அடையாளம் காண்போர் பலர். எனினும் பாடலாசிரியர் என்றோ இசையமைப்பாளர் என்றோ ராபின்ஸின் பெயர் அதில் இல்லை.

தனி இசைத்தொகுப்புகள்

1963இல் "எ பிட் ஆஃப் கன்ட்ரி பியானோ" என்ற தொகுப்பு வெளிவந்தது. பின்னர் எலெக்ட்ரா நிறுவனத்துக்காக 1977 முதல் 1979 வரை மூன்று தொகுப்புகளை வழங்கினார். அவற்றுள் ஒன்றுக்குத் தம் பட்டப்பெயரைக் கொண்டே "பிக் இன் எ போக்" எனப் பெயரிட்டார். இவை கிரேமரின் தனி இசைத்தட்டுகள் அளவுக்குப் புகழ்பெறவில்லை.

விருதுகளும் சிறப்புகளும்

* 1976 – கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கருவியிசைக் கலைஞர் விருது
* 1978 – சிறந்த கன்ட்ரி கருவியிசைக்கான கிராமி விருது
* 2000 – கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த இசைக்கலைஞர் விருது
* 2012 – கன்ட்ரி இசைப் புகழ்க்கூடத்தில் இடம்

ஒரே சங்கத்தின் விருதை இருபத்து நான்கு ஆண்டு இடைவெளியில் மீண்டும் பெற்றது இவர் வாசிப்பு காலத்தால் பழமைப்படாததற்குச் சான்றாகும்.

ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய "நாஷ்வில்" (1975) திரைப்படத்தில், ஒலிப்பதிவுக் கூடத்தில் பியானோ கலைஞர்மீது சினங்கொள்ளும் பாடகர், தாம் கேட்டது பிக்கைத்தான் என்று கடிந்துகொள்ளும் காட்சி உண்டு. திரையில் தோன்றாமலே ராபின்ஸ் நினைவுகூரப்பட்ட இடம் இது.

தமிழ்த் திரையிசையுடன் ஒப்பீடு

சென்னைக் கோடம்பாக்கத்தின் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இதே வகைத் தொழில் நிலவிவந்துள்ளது. இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் ஆகியோர் பெயர் வானொலியில் அறிவிக்கப்பட, கருவி வாசித்தவர்கள் பெயர் நெடுங்காலம் அறியப்படாமலே இருந்தது. இளையராஜா ஜி. கே. வெங்கடேஷின் குழுவில் பணியாற்றியவர். ஏ. ஆர். ரகுமான் பதின்பருவத்திலிருந்து எம். எஸ். விஸ்வநாதன், இளையராஜா முதலியோரின் பதிவுகளில் விசைப்பலகை வாசித்தவர். முன்னவர் 1976இல் "அன்னக்கிளி" மூலமும், பின்னவர் 1992இல் "ரோஜா" மூலமும் இசையமைப்பாளராக அறிமுகமாயினர்.

அவ்விருவருக்கும் அமர்வு வாசிப்பு ஒரு படிக்கட்டாக அமைந்தது. ராபின்ஸுக்கோ அதுவே வாழ்நாள் கலையாக இருந்தது. பிறருடைய பாடல் சிறக்க வாசிப்பதே ஒரு முழுமையான கலைவாழ்வாக அமையலாம் என்பதற்கு இவர் எடுத்துக்காட்டாவார்.

பிற்காலமும் மறைவும்

முதுமையிலும் ராபின்ஸ் வாசிப்பதை நிறுத்தவில்லை. நீல் யங்கின் "ஓல்ட் வேஸ்" (1985), வீன் குழுவின் கன்ட்ரி தொகுப்பு (1996) ஆகியவற்றில் பங்கேற்றார். 2013இல் ஸ்டர்ஜில் சிம்சன் வெளியிட்ட "ஹை டாப் மவுண்டன்" என்ற முதல் தொகுப்பிலும் ராபின்ஸின் பியானோ ஒலிக்கிறது. அப்போது இவருக்கு அகவை 75.

ராபின்ஸ் 2022 ஜனவரி 30 அன்று தம் 84ஆம் அகவையில் காலமானார்.