கரிசல் பூமியில் ஒரு பொதுமன்றம்

தறியிலும் காட்டு வேலையிலும் பகலெல்லாம் உழைத்த ஜனங்கள் மாலையில் கூடிப் பேசவும், பிள்ளைகள் பந்தாடவும், பெண்கள் அச்சமின்றி வந்து அமரவும் ஏற்ற ஒரு பொதுமன்றம் ஒவ்வோர் ஊருக்கும் அவசியமே. ஆயினும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியில் அதனை நீரையும் மின்சாரத்தையும் விரயம் செய்யாமல் அமைப்பது எவ்வாறு என்பது ஆழ்ந்து ஆலோசிக்கத் தக்கது.

2022-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் திறக்கப்பட்ட செயின்ட் சிட்வெல்ஸ் பாயின்ட் என்னும் நிலையம், நீச்சல் குளங்கள் உடையதாயினும், உள்வெப்பம் வெளியேறாதபடி கட்டடத்தை இறுக அடைத்து எரிசக்திச் செலவைப் பெரிதும் குறைத்திருக்கிறது. குளிர் தேசத்துக்கு அது தகும். நமக்கோ வெயிலே பகை, நீரே அருமை. 25 மீட்டர் நீளமும் 12.5 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் ஆழமும் உள்ள நீச்சல் குளம் நிரம்ப ஏறக்குறைய 4,70,000 லிட்டர் ஜலம் வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்யும் இப்பிரதேசத்தில் 500 சதுர மீட்டர் கூரையில் விழுவதைத் துளி சிந்தாமல் பிடித்தாலும் 4,00,000 லிட்டருக்கு மேல் கிடைக்காது. ஆகவே நீச்சல் குளம் என்னும் ஆசையைத் துறந்து, ஊருணிக் கரையையே மன்றத்துக்கு இடமாகக் கொள்ளுதல் உத்தமம் என்பது என் அபிப்பிராயம். கூரை நீர் மணல் வடிகட்டியின் வழியே ஊருணியைச் சேர வேண்டும். கழிப்பிடங்கள் சரிவின் கீழ்ப்புறத்தில் எட்டி அமைய வேண்டும். குடிநீர் ஊருணியில் கால் நனைக்கலாகாது என்ற பழைய கட்டுப்பாடும் நிலைக்க வேண்டும்.

கரிசல் மண் மழையில் ஊதிக் கோடையில் பிளப்பது. அதன்மேல் சாதாரண அஸ்திவாரமிட்டால் சுவர் வெடிக்கும். இதற்கென்றே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார், ஈரமும் உலர்ச்சியும் எட்டாத ஆழத்தில் அடிப்புறம் குமிழ்போல் விரிந்திருக்கும் கான்கிரீட் தூண்களை வகுத்தளித்தார்கள். களித்தன்மை மிகுந்த கரிசல், கல் அறுக்க உதவாது. செம்மண்ணுடன் சிறிது சிமெண்டு கலந்து அழுத்திய, சூளை காணாத கற்களால் சுவர் எழுப்பலாம். இம்முறையில் கட்டப்பட்ட ஆரோவில் பார்வையாளர் மையம் 1992-இல் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தியின் பெயரால் வழங்கப்படும் விருதைப் பெற்றது. சாந்துக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல்லோ பக்கத்துப் பந்தல்குடியிலேயே கிடைக்கிறது.

காற்றைப் பற்றிய சங்கடம் ஒன்றுண்டு. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்றை விட மனமில்லை. அத்திசையிலேயே சாயங்கால வெயிலும் சுடுகிறது. மேற்கே ஆழ்ந்த தாழ்வாரம் இறக்கி, அதற்கப்பால் வேம்பும் புங்கமும் பூவரசும் வரிசையாக நட்டால் வெயிலும் புழுதியும் தணிந்து காற்று உள்ளே வரும். சீமைக்கருவேலை வேரோடு களைந்த பிறகே கன்றுகளை ஊன்ற வேண்டும். விளக்குக்கும் விசிறிக்கும் சூரிய சக்தி போதும்; 2016-இல் அண்டையிலுள்ள கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையமே எழுந்த பூமி இது.

இனி, பராமரிப்பு. இவ்வட்டார நாடார் வணிகர்கள் முற்காலத்தில் வண்டியும் சரக்கும் தங்கப் பேட்டைகள் அமைத்து, வியாபாரத்தில் மகமை பிரித்துக் கிணறும் கோயிலும் பள்ளியும் நடத்தினார்கள். காமராஜர் பயின்ற விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலை வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டி வளர்ந்தது. அன்று ஒரு சமூகத்தார் தமக்கென்று செய்துகொண்டதை இன்று சாதி பேதமின்றி ஊரார் அனைவரும் சேர்ந்து செய்தல் வேண்டும். சேரியிலிருந்து வரும் குழந்தை தயங்கி வாசலில் நிற்குமானால் அம்மன்றத்தைக் கட்டாமலே இருக்கலாம். கட்டடச் செலவை மதிப்பிடும்போதே ஊருணியின் வரத்துக் கால்வாயைத் தூர் எடுக்கும் கூலியையும் ஆண்டுக் கணக்கில் சேர்த்து எழுதிவிட வேண்டும். புரட்டாசி முடியுமுன் அவ்வேலை நிறைவேறினால்தான் ஐப்பசி மழை வீணாகாமல் ஊருணிக்கு வந்து சேரும்.