சாவி சரிதான்... வண்டி ஏன் மறுக்கிறது?

– மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் துறை



ஒர்க்ஷாப்புக்கு ட்ரெயினிங் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். “ஸ்டார்ட் ஆகல” என்று ஒரு கார் உள்ளே வந்தால் போதும், ஆளுக்கொரு தீர்ப்பு! ஒருத்தர் “பேட்டரி போச்சு” என்பார். இன்னொருத்தர் “செல்ஃப் மோட்டாரைக் கழட்டு” என்பார். மூன்றாமவர் டேஷ்போர்டில் மினுக்கும் சாவிப் படத்தைப் பார்த்துவிட்டு, “இம்மொபிலைசர் ப்ராப்ளம், இ.சி.எம். மாத்தணும்” என்று பெரிய தொகையைச் சொல்லிவிடுவார். கார்க்காரர் முகம் வாடிப் போகும்.

இ.சி.எம். மாற்ற வேண்டிய வண்டியும் உண்டு. ஆனால் அதை முதல் நிமிடத்தில் சொல்ல யாராலும் முடியாது. வரிசையாகச் சோதித்து, நிரூபித்த பிறகுதான் சொல்ல வேண்டும். அந்த வரிசைக்குப் பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. ஒரு மல்டிமீட்டர், ஸ்பேர் சாவி, கொஞ்சம் பொறுமை. முக்கால்வாசி தூரம் இதிலேயே போய்விடலாம்.

இம்மொபிலைசர் எப்படி வேலை செய்கிறது?

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் புளியங்கொட்டையைவிடச் சின்னதாக ஒரு சிப் இருக்கிறது. டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். இக்னிஷன் லாக்கைச் சுற்றி வளையம் போல ஓர் ஆன்டெனா காயில். அதற்குப் பின்னால் இம்மொபிலைசர் யூனிட். கடைசியில் இன்ஜின் இ.சி.எம். ஆக நாலு பேர் கூட்டணி.

இக்னிஷனை ஆன் செய்ததும் காயில் சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். நாம் எலக்ட்ரிக்கல் பாடத்தில் படித்த டிரான்ஸ்ஃபார்மர் கதைதான். பிரைமரி லாக்கில், செகண்டரி சாவிக்குள். அந்தத் தூண்டல் மின்சாரத்திலேயே சிப் உயிர் பெற்றுத் தன் அடையாள எண்ணைச் சொல்லும். புதிய வகைகளில் யூனிட் ஒரு எண்ணை அனுப்பும். சிப் தன்னிடம் உள்ள ரகசிய எண்ணோடு சேர்த்துக் கணக்குப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். விடை சரியென்றால் இ.சி.எம்.முக்கு அனுமதி போகும். தப்பென்றால் இன்ஜெக்டரோ ஸ்பார்க்கோ கட். சில மாடல்களில் செல்ஃப் ரிலேயும் சேர்த்து கட்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். “ரிமோட்ல செல் தீர்ந்துபோச்சு, அதான் ஸ்டார்ட் ஆகல” என்று பலர் சொல்வார்கள். சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் காரில் அந்தச் செல்லுக்கும் சிப்புக்கும் சம்பந்தமே இல்லை. செல் தீர்ந்தால் கதவு ரிமோட்டில் திறக்காது, அவ்வளவுதான். பட்டன் ஸ்டார்ட் கார்களில் மட்டும் செல் முக்கியம். அதிலும் செல் தீர்ந்துவிட்டால் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டி வைத்தோ, ஓனர்ஸ் மேனுவலில் காட்டியுள்ள இடத்தில் வைத்தோ எடுக்கப் பெரும்பாலான வண்டிகளில் வழி உண்டு.

நாலு விதமான “ஸ்டார்ட் ஆகல”

கார்க்காரருக்கு எல்லாம் ஒரே “ஸ்டார்ட் ஆகல”தான். நமக்கு அது நாலு.

1. சாவியைத் திருகினால் ‘டிக்... டிக்...’ சத்தம், விளக்குகள் மங்குகின்றன. இது பேட்டரி, டெர்மினல், எர்த் சமாச்சாரம்.

2. விளக்குகள் பளிச்சென்று இருக்கின்றன, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. ஃபியூஸ், செல்ஃப் ரிலே, கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் வண்டியில் நியூட்ரல் சுவிட்ச் பார்க்க வேண்டும். சில மாடல்களில் இம்மொபிலைசரும் காரணமாகலாம்.

3. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஆனால் சாவி விளக்கு வழக்கம்போல இரண்டு மூன்று வினாடி எரிந்து அணைந்துவிட்டது. அப்படியென்றால் சாவியை வண்டி ஏற்றுக்கொண்டது! ஃபியூயல் பம்ப், கிராங்க் சென்சார் பக்கம் போங்கள்.

4. இன்ஜின் பிடித்து ஒன்றிரண்டு வினாடியில் அணைகிறது, அல்லது பிடிக்கவே இல்லை. சாவி விளக்கு வேகமாக மினுக்குகிறது, அல்லது அணையாமல் எரிகிறது. இதுதான் இம்மொபிலைசர் கேஸ்.

இன்னொன்று. வண்டி நிறுத்தி, பூட்டி இருக்கும்போது சில கார்களில் ஒரு சிவப்பு விளக்கு மெதுவாக மினுக்கும். அது கோளாறு கிடையாது. திருடனுக்குக் காட்டும் எச்சரிக்கை. விளக்கின் பாஷை மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் மேனுவலைப் பார்த்துவிடுவது நல்லது.

சோதனை வரிசை

முதல் படி, பேட்டரி. நிறுத்தி வைத்த வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் ஃபுல் சார்ஜ். 12 வோல்ட் என்றால் ஏறக்குறைய காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியையும் டெர்மினலையும் முதலில் சரி செய்யுங்கள். வோல்டேஜ் அந்த அளவுக்குச் சரியும்போது யூனிட்டே தடுமாறிச் சாவியைப் படிக்காமல் விட்டுவிடலாம். விளக்கு ‘இம்மொபிலைசர்’ என்று காட்டும், வியாதி பேட்டரியில் இருக்கும்!

இரண்டாவது படி, சாவி. கொத்திலிருந்து தனியாகப் பிரித்து முயற்சி செய்யுங்கள். அப்புறம் ஸ்பேர் சாவி. ஸ்பேரில் ஸ்டார்ட் ஆனால் கோளாறு முதல் சாவியின் சிப்பில். இரண்டிலும் ஆகவில்லையென்றால் காயில், வயரிங், யூனிட் என்று மேலே போக வேண்டும். சமீபத்தில் டூப்ளிகேட் சாவி போட்டார்களா என்றும் கேளுங்கள். பல் மட்டும் வெட்டிய சாவி கதவைத் திறக்கும், லாக்கைத் திருப்பும், செல்ஃபும் அடிக்கலாம். உள்ளே பதிவு செய்த சிப் இல்லையென்றால் இன்ஜின் ஓடாது.

மூன்றாவது படி, ஃபியூஸும் சப்ளையும். யூனிட்டின் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா, பாடி எர்த் சரியா என்று மீட்டரில் பாருங்கள். நம்ம ஊரில் எலி கடித்த வயர் சாதாரணம். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. தண்ணீர் புகுந்த கனெக்டரில் பின்கள் பச்சை பூத்து நிற்கும். வண்டி ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது.

நாலாவது படி, ஆன்டெனா காயில். கனெக்டரைக் கழற்றி ஓம் ரேஞ்சில் பாருங்கள். எவ்வளவு ஓம் என்பது மாடலுக்கு மாடல் வேறு. சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட வேண்டும். முடிவிலி காட்டினால் காயில் அறுந்திருக்கிறது, சந்தேகமே வேண்டாம்.

ஐந்தாவது படி, ஸ்கேனர். பி0513 என்றால் சாவி தவறு என்கிறது. யு0167 என்றால் இம்மொபிலைசர் யூனிட்டோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. இரண்டாவது வந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஓ.பி.டி. சாக்கெட்டில் 6-க்கும் 14-க்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். பல வண்டிகளில் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். ஏன் 60? கேன் லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர்கள். பேரலலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது.

வெளியில் வாங்கிப் பொருத்திய சென்டர் லாக், அலாரம் இருந்தால் அதையும் மறக்காதீர்கள். அதில் ஒரு இன்ஜின் கட் ரிலே இருக்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றியிருப்பார்கள். வெயிலில் டேப் இளகி ஜாயின்ட் லூஸ் ஆகும். பழி கம்பெனி இம்மொபிலைசர் மேல் விழும்.

பத்து பைசா செலவில்லாத ரிப்பேர்

ட்ரெயினிங்கில் நான் பார்த்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். வாடகைக் கார். காலையில் ஸ்டார்ட் ஆகும், மதியம் ஆகாது. இரண்டு வினாடி ஓடி அணையும். முதலாளிக்கு டிரைவர் மேல் சந்தேகம். “லீவு வேணும்னா கேட்க வேண்டியதுதானே, வண்டியை ஏன்யா நோண்டுற?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்கு என் அப்பா வயது இருக்கும்.

ஃபோர்மேன் அண்ணன் எதுவும் பேசவில்லை. பேட்டரி பார்த்தார், சரி. சாவிக் கொத்தைக் கையில் வாங்கினார். முதலாளியின் இன்னொரு காரின் சாவியும் அதே வளையத்தில்! இரண்டு தலைகளும் காயிலுக்குப் பக்கத்தில் வந்தால், இரண்டு சிப்பும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். யூனிட்டுக்கு எதுவும் புரியாது. அண்ணன் சாவிகளைப் பிரித்தார். பத்து தடவை ஸ்டார்ட் செய்தார். பத்தும் பிடித்தது. மறுபடி சேர்த்து மாட்டினார், மூன்றாவது தடவையே அணைந்தது. முதலாளியைப் பார்த்து, “டிரைவர் மேல தப்பில்லைங்க” என்றார்.

என் அப்பாவும் ஆக்டிங் டிரைவர்தான். கூப்பிட்ட அன்றைக்குத்தான் கூலி. வண்டி நின்றால் அன்றைய சம்பளம் போகும். அதைவிட, சாவி யார் கையில் இருந்ததோ அவன் மேல்தான் முதல் சந்தேகம் விழும். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். டயாக்னோசிஸ் என்ற வார்த்தை எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. அது பில் போடுவதற்கு முந்தைய வேலை மட்டுமில்லை, ஓர் ஆளின் பெயரைக் காப்பாற்றுகிற வேலையும்கூட.

“பைபாஸ் பண்ணிடு தம்பி!”

கோளாறு காயிலில் என்றால் காயிலை மாற்றலாம். சிப் போனால் புதுச் சாவியை ஸ்கேனர் மூலம் பதிவு செய்யலாம். சில வண்டிகளில் புதுச் சாவி பதியும்போது பழைய பதிவுகள் அழிந்துவிடும். அதனால் எல்லாச் சாவிகளையும் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். பதிவு நடக்கும்போது வோல்டேஜ் விழாமல் சார்ஜர் மாட்டுங்கள். வேறு வண்டியின் இ.சி.எம்.மைக் கழற்றி மாட்டினால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகாது. ரகசிய எண் பொருந்தாதே!

இதெல்லாம் செலவு என்று சிலர் இம்மொபிலைசரையே தூக்கிவிடச் சொல்வார்கள். அதற்குப் பதிலாக ஒரு வரலாறு சொல்கிறேன். 1986 மாடல் செவ்ரோலே கார்வெட் காரில் சாவிக்குள் ஒரு ரெசிஸ்டரை வைத்தார்கள். மொத்தம் 15 மதிப்புகள்தான். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய சிப். ஐரோப்பாவில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. அங்கே 2011 முதல் 2021 வரையிலான ஹூண்டாய், கியா கார்களில், சாவி திருகும் பல மாடல்கள் இது இல்லாமலே விற்பனையாயின. அவற்றை எப்படித் திருடுவது என்ற வீடியோக்கள் பரவ, சின்னப் பையன்கள்கூட எடுத்துக்கொண்டு ஓடினார்கள். 2023 பிப்ரவரியில் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவச மென்பொருள் திருத்தம் அறிவிக்க வேண்டியதாயிற்று. அதற்குள் குறைந்தது 14 விபத்துகள், 8 உயிர்கள் என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கூறியது. அதனால் “பைபாஸ்” என்று கேட்பவரிடம், கோளாறைக் கண்டுபிடித்துச் சரி செய்து தருகிறேன் என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று...

புதுச் சாவி பதியத் தெரிந்தவன் கையில் ஊரில் உள்ள கார்களின் கதவே இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் ஆர்.சி. புக், அடையாள அட்டை இரண்டும் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்ட பிறகே வேலையைத் தொடுங்கள். தெரிந்தவர் என்றாலும் சரி, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்றாலும் சரி.

அடுத்த வருடம் நம்மில் பலர் யூனிஃபார்ம் போட்டு ஏதாவது ஒரு ஒர்க்ஷாப்பில் நிற்போம். “ஸ்டார்ட் ஆகல” என்று ஒருவர் கவலையோடு வருவார். அவருக்குப் பின்னால் ஒரு டிரைவர் நிற்கலாம். முதலில் விளக்கைப் பாருங்கள். அடுத்து மீட்டரை எடுங்கள். ஸ்பேனர் கொஞ்சம் காத்திருக்கட்டும்!