கியர்பாக்ஸை இறக்கும் முன் எழுதி வாங்குங்கள்

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய போலோ ஜிடி டிஎஸ்ஐ, அல்லது பழைய ஆக்டேவியா ஆர்எஸ். ஆசை ஆசையாக செகண்ட் ஹேண்டில் வாங்கியிருப்பார்கள். ஒருநாள் மதுரை காளவாசல் நெரிசலில் முதல் கியரில் வண்டி உதறும். "கியர்பாக்ஸ் போச்சு சார், லட்சத்துக்கு மேல ஆகும்" என்பார் பட்டறைக்காரர். வாய்ப்பேச்சிலேயே அட்வான்ஸ் கைமாறிவிடும். நாலு மாதத்தில் அதே உதறல் திரும்ப வரும். அப்போதுதான் "கேஸ் போடலாமா?" என்று என்னிடம் கேட்டு வருகிறார்கள். பில் எங்கே என்றால் இல்லை. ஜாப் கார்டு? அதுவும் இல்லை. இதையே திரும்பத் திரும்பப் பார்த்து அலுத்துவிட்டது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: வண்டி உதறினாலே கியர்பாக்ஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இன்ஜின் மவுண்ட் கிழிந்தாலும் உதறும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மட்டும் டக் டக் என்று சத்தம் வந்தால், பெரும்பாலும் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் தேய்ந்திருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் பேட்டரி பலவீனமாக இருந்தாலே தப்பான எச்சரிக்கை விளக்குகள் எரியும். சின்னச் செலவில் முடிகிற இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் கியர்பாக்ஸில் கை வைக்க வேண்டும்.

அதற்காக போலோவின் கியர்பாக்ஸில் கோளாறே வராது என்றும் சொல்ல முடியாது. 2013இல் இங்கே வந்த ஜிடி டிஎஸ்ஐயில் இருப்பது டிஎஸ்ஜி எனப்படும் ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டி. அதே ஆண்டு நவம்பரில், இந்த வகைப் பெட்டி உள்ள சுமார் 16 லட்சம் வண்டிகளை ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் உலகம் முழுக்கத் திரும்ப அழைத்தது, ஆயில் மாற்றுவதற்காக. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று போகும் ஓட்டத்தில், சிந்தெடிக் ஆயிலால் உள்ளே மின்கோளாறு வரலாம் என்பதுதான் காரணம். மதுரை வெயிலையும் பைபாஸ் ரோடு நெரிசலையும் நினைத்துப் பாருங்கள். இந்தப் பெட்டியில் கிளட்ச் தேய்வது ஒரு கோளாறு, மெக்கட்ரானிக் எனும் கட்டுப்பாட்டுப் பகுதி பழுதாவது இன்னொன்று. இரண்டுக்கும் வைத்தியமும் வேறு, செலவும் வேறு. ஸ்கேன் ரிப்போர்ட் எடுக்காமல் "மொத்தமா மாத்திடலாம்" என்கிற பட்டறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கம்பெனி சர்வீஸில் பெரும்பாலும் முழு யூனிட்டாக மாற்றவே சொல்வார்கள். தனியார் நிபுணர் என்றால் பிரித்து, கெட்டதை மட்டும் மாற்றுவார். அதற்காக கோவைக்கும் சென்னைக்கும் வண்டியை ஏற்றி அனுப்புகிறார்கள். தவறில்லை. ஆனால் எங்கே கொடுத்தாலும் ஜாப் கார்டை வாங்குங்கள். பல ஜாப் கார்டுகளில் 'கியர்பாக்ஸ் வேலை' என்று ஒற்றை வரியும், கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்தும்தான் இருக்கும். அதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. கிலோமீட்டர், நீங்கள் சொன்ன குறை, ஸ்கேனில் வந்த ஃபால்ட் கோடு, மாற்றப்போகும் பாகங்களின் பெயர், அவை புதியதா பழையதா, மதிப்பீட்டுத் தொகை, எத்தனை மாத வாரண்டி என எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்றும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

"பில் போட்டா 18 பர்சன்ட் கூட வரும், வேணுமா?" என்று கேட்பார்கள். வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த வரியை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலர் லட்சங்களை விட்டிருக்கிறார்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னப் பட்டறையும் சாதாரண பில் தரலாம். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை.

இன்ஜினையே மாற்றுவதானால் இன்னும் கவனம். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய இன்ஜின் எந்த வண்டியுடையது என்பதற்கு ஆவணம் இல்லாமல் வாங்காதீர்கள். இன்ஜின் நம்பர் மாறினால் ஆர்சியிலும் மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி 14 நாளுக்குள் உங்கள் ஆர்டிஓவிடம், அதாவது மதுரை தெற்கு என்றால் டிஎன் 58, வடக்கு 59, மத்தி 64 அலுவலகத்தில், ஆர்சியோடு தெரிவிக்க வேண்டும். முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டுச் செய்வது இன்னும் நல்லது. விட்டுவிட்டால், 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

வேலை சரியில்லை என்றால் கோபத்தில் அடுத்த பட்டறையில் கொடுத்துப் பிரிக்காதீர்கள். மறுபடி சொல்கிறேன், பிரிக்காதீர்கள். பிரித்த நிமிடமே ஆதாரம் போய்விடும்; "அவங்க கெடுத்திருப்பாங்க" என்று முதல் பட்டறை கைகழுவிவிடும். முதலில் புது ஸ்கேன் ரிப்போர்ட், வீடியோ, தனி ஆட்டோமொபைல் இன்ஜினியரிடம் எழுத்தில் ஒரு கருத்து. கூலி பாக்கி என்று வண்டியைப் பிடித்துவைத்தால், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு பட்டறைக்காரருக்குத்தான் துணை நிற்கும். சண்டை போடாமல் வங்கி வழியே பணத்தைக் கட்டி, பில் நகலில் 'ஆட்சேபத்துடன் செலுத்தினேன்' என எழுதி, வண்டியை எடுத்து வாருங்கள்.

அடுத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, டெலிவரி அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பட்டறை கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. இது தெரியாமல் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

மூன்று மாதத்தில், பாகத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதத்தில், வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா மேல் வாய்தா கொடுத்து அதை ஏட்டோடு நிறுத்துவது புகார்தாரரைத் தண்டிப்பதற்குச் சமம். அதற்குப் பயந்து நீங்கள் தாமதிக்க வேண்டாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு. "பார்க்கலாம் சார், அடுத்த மாசம் கொண்டாங்க" என்று பட்டறைக்காரர் சொல்லும் மாதங்களும் அந்தக் கெடுவுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன.