பன்னிரண்டு ஓட்டு, ஒரு கல்லாப்பெட்டி

2021 மார்ச் 28ஆம் தேதி வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் வாரியத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்திருக்க வேண்டும். தலைவர் தேர்தலும் அன்றைக்குத்தான். நடக்கவில்லை. ஓட்டுரிமை உள்ளவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். ஒன்பது பேராவது இருந்தால்தான் கூட்டம் செல்லும். பார்படோஸிலிருந்து இரண்டு பேர், கயானாவிலிருந்து இரண்டு பேர் கலந்துகொள்ளவில்லை. மிச்சம் எட்டு. அவ்வளவுதான், கூட்டம் ஒத்திவைப்பு. தணிக்கை செய்த கணக்கையே காட்டாமல் எப்படித் தேர்தல் வைக்கலாம் என்பது வராதவர்கள் தரப்பு வாதம். இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 11ஆம் தேதி, எதிர்த்து நின்றவர் விலகிக்கொள்ள, ரிக்கி ஸ்கெரிட் போட்டியின்றி மறுபடி தலைவரானார்.

கணக்கைக் காட்டு என்று கேட்பது நியாயமான கோரிக்கை. எனக்கு அதைவிட சுவாரசியமாகப் பட்டது அந்தப் பன்னிரண்டு என்ற எண். இந்த வாரியத்தின் லாப நஷ்டத்தைப் புரிந்துகொள்ள இருப்புநிலைக் குறிப்பிலிருந்து ஆரம்பிப்பதைவிட அந்தப் பன்னிரண்டு பேரிலிருந்து ஆரம்பிப்பது சுலபம் என்று நினைக்கிறேன்.

வெஸ்ட் இண்டீஸ் ஒரு நாடு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குத் தேசியக் கொடி கிடையாது, அரசாங்கம் கிடையாது, வரி போடுகிற அதிகாரம் யாருக்கும் கிடையாது. கரீபியனில் பழைய பிரிட்டிஷ் காலனிகள் சேர்ந்து 1928ல் லார்ட்ஸில் முதல் டெஸ்ட் ஆடினார்கள். அந்தக் காலனிகள் ஒவ்வொன்றாகத் தனி நாடுகள் ஆன பிறகும் கிரிக்கெட்டில் மட்டும் கூட்டுக்குடித்தனம் தொடர்கிறது. வாரியத்தின் பங்குதாரர்கள் ஆறு சங்கங்கள்: பார்படோஸ், கயானா, ஜமைக்கா, டிரினிடாட் அண்ட் டொபாகோ, லீவர்ட் தீவுகள், விண்ட்வர்ட் தீவுகள். ஆளுக்கு இரண்டு ஓட்டு. சுமார் 28 லட்சம் பேர் உள்ள ஜமைக்காவுக்கும் இரண்டுதான், மூன்று லட்சத்தைத் தொடாத பார்படோஸுக்கும் இரண்டுதான். ஆன்டிகுவா, செயின்ட் கிட்ஸ் மாதிரிப் பல தீவுகள் சேர்ந்த லீவர்ட்ஸுக்கும் அதே இரண்டு.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். கயானாவிலிருந்து வந்த இடதுகை சுழல்பந்து வீச்சாளர் வீராசாமி பெர்மால் நினைவிருக்கிறதா? வீராசாமி பெருமாள்! அவருக்கு முன்னால் மகேந்திர நாகமுத்து. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர்களின் பெயர்கள் ஸ்கோர்கார்டில் மிஞ்சியிருக்கின்றன. நம்ம ஊர் டிவியில் நகமூட்டூ என்று படிப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ஆறு சங்கங்களும் வாரியத்தின் முதலாளிகள். வாரியத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அவர்களே. இயக்குநர்களில் பெரும்பான்மையினர் அவர்கள் அனுப்பியவர்கள். அதே சமயம், வாரியத்திடமிருந்து ஆண்டுதோறும் பணம் வாங்குபவர்களும் அவர்களேதான். சாதாரணக் கம்பெனியில் பங்குதாரர் லாபத்தில் பங்கு கேட்பார். இங்கே லாபம் வந்தாலும் வராவிட்டாலும் மாமூல் போயாக வேண்டும், இல்லையென்றால் உள்ளூர் கிரிக்கெட் படுத்துவிடும். மானியத்தைக் குறைக்கிற தலைவர் மானியம் வாங்குபவர்களிடமே மறுபடி ஓட்டு கேட்டு நிற்க வேண்டும். நான் ஊழலைப் பற்றிச் சொல்லவில்லை. பன்னிரண்டு பேரும் தர்மராஜாவாக இருந்தாலும் இந்த இறுக்கம் இருக்கும். செலவு கெட்டிப்பட்டுப்போகும், யாராலும் குறைக்க முடியாது.

அப்படியானால் வரவு? அங்கேதான் கதையே. ஆறு சங்கங்களின் பகுதிகளையும் கூட்டினால் மக்கள்தொகை சுமார் 60 லட்சம். சென்னை மாநகரத்தைவிடக் குறைவு. இவ்வளவு பேரை வைத்துப் பெரிய டிவி ஒப்பந்தம் எதுவும் போட முடியாது. டிக்கெட் வசூல் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. மைதானங்களில் பெரும்பாலானவை அந்தந்த நாட்டு அரசாங்கங்களுக்குச் சொந்தம். ஆகவே வருமானம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். வழி இரண்டுதான்: ஐசிசி கொடுக்கிற பங்கு, அப்புறம் யார் சுற்றுப்பயணம் வருகிறார்கள் என்பது.

இரண்டாவதை முதலில் பார்க்கலாம். இரு நாட்டுத் தொடர்களில் விதி ரொம்ப எளிமை. யார் ஊரில் ஆட்டமோ டிவி உரிமை, விளம்பரம், டிக்கெட் எல்லாம் அவர்களுக்கு. விருந்தாளி அணி தன் விமான டிக்கெட்டைத் தானே எடுத்துக்கொண்டு வர வேண்டும். தங்கும் செலவு, உள்ளூர்ப் பயணம் உபசரிப்பவர் பொறுப்பு. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் இது நியாயமான ஏற்பாடு, நீ வந்தால் நான் சம்பாதிப்பேன், நான் வந்தால் நீ. ஆனால் இந்தியா கரீபியனுக்குப் போனால் வாரியத்துக்குக் கல்லா நிறைகிறது. சின்ன வாரியம் ஏதாவது வந்தால் தீவுக்குத் தீவு விமானம், ஹோட்டல், ஒளிபரப்புச் செலவு எல்லாம் போக நஷ்டம்தான் மிஞ்சுகிறது. அதாவது, சொந்த மண்ணில் கிரிக்கெட் ஆடுவதாலேயே கையைக் கடித்துக்கொள்கிற வாரியம் இது.

2022லும் 2023லும் இந்தியா அங்கே போனபோது டி20 தொடரின் கடைசி இரண்டு ஆட்டங்களை எங்கே வைத்தார்கள்? அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் லாடர்ஹில்லில். வெஸ்ட் இண்டீஸின் 'சொந்த மண்' ஆட்டம், வெஸ்ட் இண்டீஸிலேயே இல்லை. அங்கே டாலரில் டிக்கெட் வாங்க இந்தியர்களும் கரீபியர்களும் இருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. 2023 பயணத்தில் டெஸ்ட் இரண்டுதான், டி20 ஐந்து. கிரிக்கெட் ரசிகனாக முகம் சுளித்தேன். கணக்குப் பார்க்கிறவனாக வேறென்ன செய்வார்கள் பாவம் என்றும் தோன்றியது.

2024 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவை 8 ரன்னில் ஜெயித்தது. ஷமார் ஜோசஃப் காயம்பட்ட கால்விரலோடு 68 ரன்னுக்கு 7 விக்கெட். அதே மாதத்தில் வாரியத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி ஜானி கிரேவ் புலம்பியதை எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியவில்லை. முந்தைய நான்கு மாதத்தில் ஆஸ்திரேலியாவுக்கு அணிகளை அனுப்ப 20 லட்சம் டாலருக்கு மேல் செலவு, அதில் தங்களுக்குத் திரும்பி வந்தது ஒன்றுமில்லை, இந்த வருவாய் முறையே உடைந்துபோய்விட்டது என்பது அவர் சொன்னதன் சாரம். டெஸ்ட் கிரிக்கெட்டைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று உலகமே கொண்டாடிய ஆட்டம், வாரியத்தின் புத்தகத்தில் செலவுப் பக்கம்.

இனி ஐசிசி பங்கு. 2016 முதல் 2023 வரையிலான எட்டு ஆண்டுகளுக்கு வெஸ்ட் இண்டீஸுக்கு ஒதுக்கப்பட்டது 12.8 கோடி டாலர், அதாவது வருஷத்துக்கு 1.6 கோடி. 2024 முதல் 2027 வரையிலான சுழற்சியில், செய்திகளில் வந்த கணக்குப்படி, ஆண்டுக்கு 60 கோடி டாலரில் 4.58 சதவீதம், சுமார் 2.75 கோடி. தொகை கூடியிருக்கிறது. அதே பட்டியலில் இந்தியாவுக்கு 38.5 சதவீதம், 23 கோடி டாலருக்கு மேல். எட்டு மடங்குக்கும் அதிகம். இந்தியாவால்தான் அந்தப் பணமே வருகிறது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆடுவதற்கு எதிராளி வேண்டுமே?

வரவு அலை மாதிரி ஏறி இறங்க, செலவு கல் மாதிரி அசையாமல் நின்றால் என்ன ஆகும்? கடன். 2020 மே மாதம் ஸ்கெரிட் ஒரு வானொலிப் பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார். 2019ல் டேவ் கேமரனை 8-4 என்று தோற்கடித்துப் பொறுப்பேற்றபோது சுமார் 2 கோடி டாலர் கடன் இருந்ததாம். வரப்போகிற பணத்தை முன்கூட்டியே வாங்கிப் பழைய செலவை அடைத்துக்கொண்டிருந்தார்களாம். நம்ம பாஷையில், அடுத்த மாதச் சம்பளத்தை அடகு வைத்துப் போன மாத மளிகைக் கடன் அடைப்பது. இந்த நிலையில் கொரோனா வந்தது. ஜனவரியில் அயர்லாந்துடன் ஆடிய ஆட்டக் கட்டணம்கூட மே மாதம் வரை வீரர்கள் கைக்கு வரவில்லை. இங்கிலாந்து வாரியம் 30 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. ஜூலையிலிருந்து சம்பளமும் சங்கங்களுக்கான நிதியும் பாதியாகக் குறைந்தன. சங்கங்களின் பணத்தில் கைவைக்க ஒரு பெருந்தொற்றே தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள். அதே ஜூலையில் அணி இங்கிலாந்துக்குப் போய், தனிமைப்படுத்தப்பட்ட வளையத்துக்குள் மூன்று டெஸ்ட் ஆடிக்கொடுத்தது. இங்கிலாந்தின் டிவி ஒப்பந்தம் பிழைத்தது.

பணமும் நிர்வாகமும் எப்படி ஒன்றோடொன்று மோதும் என்பதற்கு இந்திய ரசிகர்களுக்கு நேரடியாகத் தெரிந்த உதாரணம் 2014 அக்டோபர். அந்த வருஷம்தான் வாரியம் உள்ளூர் கிரிக்கெட்டைத் தொழில்முறையாக மாற்றியது: ஒவ்வொரு சங்கத்துக்கும் 15 பேர், மொத்தம் 90 பேருக்குச் சம்பளம். நல்ல திட்டம், எப்போதோ செய்திருக்க வேண்டியது. ஆனால் காசு? சர்வதேச வீரர்களுக்குப் போய்க்கொண்டிருந்த ஸ்பான்சர் பணத்தின் ஒரு பகுதி இந்தப் பக்கம் திருப்பப்பட்டது. வீரர்கள் சங்கம் கையெழுத்துப் போட்டது. எங்களைக் கேட்காமல் எப்படி என்று இந்தியாவில் ஆடிக்கொண்டிருந்த வீரர்கள் கொதித்தார்கள். தர்மசாலாவில் டாஸ் போட டுவெய்ன் பிராவோ மொத்த அணியையும் பின்னால் அழைத்து வந்தது நினைவிருக்கும். அந்த ஆட்டத்தோடு மூட்டை கட்டினார்கள். ஒரு ஒருநாள் ஆட்டம், ஒரு டி20, மூன்று டெஸ்ட் அம்போ. பிசிசிஐ கேட்ட நஷ்டஈடு ஏறக்குறைய 4.2 கோடி டாலர். மேலே சொன்ன ஐசிசி பங்கோடு ஒப்பிட்டால் இரண்டரை வருஷத்து வரவு! வாரியத்தையே இழுத்து மூட அது போதும். நல்லவேளையாகப் பேச்சுவார்த்தையில் தீர்ந்தது. 2016ல் இந்தியா அங்கே போய் ஆடியது, 2018ல் அவர்கள் இங்கே வந்தார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2015 நவம்பரில், கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான காரிகாம் அமைத்த குழு அறிக்கை தந்தது. பேராசிரியர் யூடின் பாரிட்டோ தலைமை. முன்னாள் விக்கெட் கீப்பர் டெரிக் மர்ரேயும் அதில் ஒருவர். வாரியத்தை உடனடியாகக் கலைத்துவிட்டு இடைக்கால நிர்வாகம் அமையுங்கள் என்றார்கள். இவ்வளவு கடுமையான பரிந்துரை இதற்கு முன் வந்ததில்லை, ஆனால் அறிக்கைகள் வந்திருக்கின்றன: 2007ல் ஜமைக்காவின் முன்னாள் பிரதமர் பி. ஜே. பேட்டர்சன் தலைமையில் ஒன்று, 2012ல் வழக்கறிஞர் சார்லஸ் வில்கின் தலைமையில் ஒன்று. பிறகு 2020ல் டான் வெஹ்பி தலைமையில் இன்னொன்று, இயக்குநர்களைப் பதினெட்டிலிருந்து பன்னிரண்டாகக் குறைக்கச் சொல்லி. நான்கும் வெவ்வேறு காலம், வெவ்வேறு ஆட்கள், ஆனால் விரல் நீட்டுவது ஒரே இடத்தை: சங்கங்களின் பிடி.

பாரிட்டோ அறிக்கைக்கு என்ன ஆனது? வாரியம் கலையவில்லை. பிரதமர்கள் கிரிக்கெட் பொதுச்சொத்து என்றார்கள், வாரியம் நாங்கள் தனியார் நிறுவனம் என்றது. சட்டப்படி வாரியம் சொன்னது சரி. தன்னைத் தானே கலைத்துக்கொள்ள அந்தப் பன்னிரண்டு பேர்தான் ஓட்டுப் போட வேண்டும், அவர்கள் ஏன் போடப்போகிறார்கள்? 2017ல் பெயரை மட்டும் கிரிக்கெட் வெஸ்ட் இண்டீஸ் என்று மாற்றிக்கொண்டார்கள்.

பிரதமர்கள் கையில் கொடுத்திருந்தால் சரியாகியிருக்கும் என்று நான் நம்பவில்லை. பதினைந்து அரசாங்கங்கள் சேர்ந்து ஒரு அணி தேர்வு செய்வதைக் கற்பனை செய்து பாருங்கள். சங்கங்கள் ஓட்டை வைத்துக்கொள்ளட்டும், ஆனால் மானியம் எவ்வளவு என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்காத சுயேச்சை இயக்குநர்கள், நான்கு வருஷ வரவைக் கூட்டி வகுத்து, முன்கூட்டியே அறிவிக்கலாம் என்பது என் கட்சி. இந்தியா வந்த வருஷத்தில் தாராளம், வராத வருஷத்தில் கடன் என்ற சுற்று அதனால் கொஞ்சமாவது தளரும்.

ஆகவே அடுத்த முறை இந்த வாரியம் லாபம் என்றோ நஷ்டம் என்றோ செய்தி வந்தால், அந்தத் தொகையை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் அந்த ஆண்டு யார் வந்து ஆடினார்கள் என்று அட்டவணையைப் பார்ப்பேன். இந்தியாவோ இங்கிலாந்தோ வந்திருந்தால் லாபம் வராமல் இருந்தால்தான் அதிசயம். அப்புறம், ஐசிசி பணத்தில் எவ்வளவு முன்பணமாக ஏற்கெனவே வாங்கிச் செலவழிக்கப்பட்டது. அப்புறம், ஆறு சங்கங்களுக்கு எவ்வளவு போனது, அந்தச் சங்கங்கள் தங்கள் தணிக்கைக் கணக்கைக் கொடுத்தனவா. 2021ல் வாரியத்தின் கணக்கு எங்கே என்று கேட்டுக் கூட்டத்துக்கு வராதவர்களிடம் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.